ஒரு ஸ்கூட்டரும் ஓர் அமானிதமும்



கோவில்பட்டியில் நம் தெருவில் வசித்து வந்த சகோதரர் ஒருவர் சென்ற ஆண்டு மாரடைப்பால் வஃபாத்தானார். கரிசல் காட்டுக் கிராமங்களில் தவணைக்குத் துணி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்தில் ஒரு மூட்டை, பின்னிருக்கையில் ஒரு மூட்டை என்று கட்டிக்கொண்டு, ஒரு நாள் கழுகுமலைப் பக்கம், மறுநாள் எட்டயபுரம் பக்கம் எனச் சுற்றி வருவார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. வாடகை வீட்டுச் சாமான்களும், வர வேண்டிய தவணைகளை எழுதி வைத்த நோட்டும், அந்த ஸ்கூட்டருமே அவர் விட்டுச் சென்றவை. கடன் ஏதும் இல்லை என்பது பெரிய நிம்மதி.

இத்தா முடிந்த மறு வாரம் அவருடைய மனைவி நம் இல்லத்தாரிடம் சொல்லியனுப்பினார். "அக்கா, வண்டிய வித்துக் குடுத்தா பிள்ளைங்க ஃபீஸுக்கு ஆகும். ஹஜ்ரத்தையே பாத்துச் செய்யச் சொல்லுங்க."

மகன் ஒருவன், பன்னிரண்டு வயது. நம் மக்தபில் ஓதுகிறான். அவனுக்குக் கீழே இரண்டு பெண் பிள்ளைகள். இறந்தவரின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். ஆகவே வண்டியின் விலையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரு பங்கும் மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்குமாக. பாகப்பிரிவினைப் பாடத்தை ஆண்டுதோறும் பலகையில் எழுதிக் கற்பிக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கில் வருகிற எத்தீம் பிள்ளை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது அது வேறு பாடமாகிவிடுகிறது.

வண்டி பார்க்கப் பரிதாபமாக இருந்தது. தகட்டு உடல், கறுப்பு நிறம் வெளுத்துச் சாம்பல் பூத்துப் போயிருந்தது. பழைய வண்டிகள் வாங்கி விற்கும் தரகர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இப்படியே குடுத்தா பதினொண்ணு. பெயிண்ட் அடிச்சு நிறுத்துனா பதினெட்டுக்குப் போகும் பாய்" என்றார். பட்டறையில் விசாரித்தபோது 6,500 ரூபாய் கேட்டார்கள். வித்தியாசம் முழுவதும் பட்டறைக்கே போய்விட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

இங்கே நம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மதரஸாவில் சேர்வதற்கு முன், பள்ளிப் படிப்பு முடிந்த ஆண்டில், ஒரு டிங்கரிங் பட்டறையில் எடுபிடியாக இருந்தோம். பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் தேய்ப்பது, டேப் ஒட்டுவது எல்லாம் கைக்குப் பழக்கம். ஸ்ப்ரே கன்னை மட்டும் மேஸ்திரி எளிதில் தரமாட்டார். தந்த சில தடவைகளும் மட்கார்டின் உட்பக்கம் அடிக்கத்தான். ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 'நமக்குத் தெரிந்த வேலைதானே, வீட்டிலேயே அடித்துவிடலாம்' என்று தோன்றிவிட்டது. பொருள் வாங்கும் செலவு நம்முடையது, உழைப்பும் நம்முடையது, வரும் விலை அவர்களுடையது என்று நிய்யத் செய்துகொண்டோம். நிய்யத் நல்லதுதான். அதற்குள் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறத்தை மாற்றினால் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். எனவே அதே கறுப்பு. இப்போது பட்டறைகளில் பெரும்பாலும் இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் பெயிண்ட்தான் புழங்குகிறது. அதன் பளபளப்பும் உறுதியும் அதிகம். ஆயினும் அதிலுள்ள கெட்டிப்படுத்தும் கலவையின் புகை நுரையீரலுக்குப் பெருங்கேடு. துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அடிக்கத் தக்கதன்று. ஆகவே பழைய என்.சி. பெயிண்ட் வாங்கினோம். என்.சி. என்பது நைட்ரோ செல்லுலோஸ். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்தி இதைச் செய்யலாம். 1920களில் அமெரிக்காவில் 'டூக்கோ' என்ற பெயரில் இது வந்த பிறகுதான், வாரக்கணக்கில் காய வேண்டியிருந்த கார் வண்ணம் சில மணி நேரத்தில் காயத் தொடங்கியது. நம் ஊர்ப் பெயிண்டர்கள் இன்றும் 'டூக்கோ அடிப்பது' என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண், 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். பஞ்சு இங்கே நூலாகிப் பார்த்திருக்கிறோம், பெயிண்டாவதை அறியாமலே அரை வாழ்நாள் கழிந்துவிட்டது. அது நெருப்புக்கு வெகு நெருங்கிய உறவு என்பதைத் தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கும் நாளில் அடுப்பு, பீடி, மின்பொறி எதுவும் அண்டக்கூடாது.

கால் வைக்கும் தளத்தின் ரப்பர் விரிப்பை உரித்தபோதுதான் முதல் சங்கடம். மழைநீர் விரிப்பின் கீழ் தங்கித் தங்கித் தகட்டைத் தின்றிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டியதும் பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. சுற்றிலும் தகடு அப்பளமாக இருந்தது. வெல்டிங் வைத்தால் மேலும் கருகும் என்றார்கள். ஃபைபர் துணி வைத்து, பட்டி பூசி, தேய்த்து மட்டமாக்கினோம். மேலே விரிப்பைப் போட்டால் ஒன்றும் தெரியாது. அன்று மாலை எட்டிப் பார்த்த தரகர், "மேட்டப் போட்டு மூடிருங்க பாய், யாரும் தூக்கிப் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சிறுவன் கவனித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மக்தபுக்கு விடுமுறை. ஃபஜ்ரு முடிந்ததும் தொடங்கினோம். கரிசல் பூமியில் வெயில் ஏறினால் காற்றும் ஏறும்; காற்று ஏறினால் புழுதி வரும். ஆகவே விடிகாலைதான் வசதி. முற்றத்தில் தண்ணீர் தெளித்து, மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, வாடகைக்கு எடுத்த சிறிய கம்ப்ரஸரை ஓட்டினோம். சிறுவனுக்கு முகக்கவசம் அணிவித்து, தின்னர் கலந்து வடிகட்டும் வேலையை மட்டும் தந்து, அடிக்கும்போது தள்ளி நிற்கச் சொல்லியிருந்தோம். பக்கவாட்டுத் தகடுகள் இரண்டையும் கழற்றிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். மேசைமேல் படுக்கவைத்து அடித்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும் பரப்பில்தான் பெயிண்ட் கீழே இறங்கும்.

முதல் கோட் மெல்லியதாக, தூவல் போல. பத்து நிமிடம் விட்டு இரண்டாவது. இரண்டும் அழகாகப் படிந்தன. மேஸ்திரி சொல்லித் தந்தது கைக்கு நினைவு வந்தது: தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், கையை மணிக்கட்டில் வளைக்காமல் தகட்டுக்கு இணையாக நகர்த்துவது, நகரத் தொடங்கிய பிறகே விசையை அழுத்தி, ஓரம் கடந்த பிறகு விடுவது, ஒவ்வோர் ஓட்டத்திலும் முந்தைய ஓட்டத்தில் பாதியை மூடிக்கொண்டு போவது.

மூன்றாவது கோட்டின்போது மணி பத்தரை ஆகிவிட்டது. அன்று ஜும்ஆவுக்கு முன் பயான் நம்முடைய முறை. இன்னும் குளிக்கவில்லை. சிறுவன் பெயிண்டில் தின்னர் ஊற்றிக்கொண்டிருந்தான். 'போதும்' என்று சொல்ல வேண்டிய நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் காத்திருக்க மனமில்லை. பளபளப்பு வர வேண்டும் என்ற ஆசையில் கன்னை நெருக்கமாகப் பிடித்து, கையை மெதுவாக நகர்த்தினோம். இடப்பக்கத் தகடு கண்ணாடியாக மின்னியது. ஒரு கணம் மகிழ்ந்தோம்.

"ஹஜ்ரத், இறங்குது" என்றான் பையன்.

தகட்டின் நடுவிலிருந்து ஒரு துளி புறப்பட்டு, விரல் நீளத்துக்கு வழிந்து, நுனியில் மணிபோல் தடித்து நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கீழ் ஓரத்தில் திரைச்சீலை தொய்ந்தது போல ஒரு மடிப்பு. அப்போது செய்ய வேண்டியது, கன்னைக் கீழே வைத்துவிட்டு அப்பால் போவது ஒன்றுதான். மிஞ்சிப்போனால், ஈரம் காயுமுன் தகட்டை மெல்லப் படுக்கவைக்கலாம். நாம் செய்ததோ, விரலால் துடைத்தது. நம் கைரேகை அதில் அப்படியே பதிந்தது. தின்னர் நனைத்த துணியை எடுக்கப்போன கையை நல்லவேளையாக நிறுத்திக்கொண்டோம். என்.சி. பெயிண்ட் எத்தனை காய்ந்தாலும் தன் தின்னர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். துடைத்திருந்தால் கீழிருந்த இரண்டு கோட்டும் சேர்ந்து வந்திருக்கும்.

குளிக்கப் போனால் அடுத்த சோதனை. நகங்களிலும் விரலிடுக்குகளிலும் கறுப்பு ஒட்டியிருந்தது. மருதாணியின் நிறம் தோலில் சாயமாக மட்டும் நிற்கும், தண்ணீரைத் தடுக்காது. பெயிண்ட் அப்படியன்று, அது படலம். அதை நீக்காமல் ஒளுவும் குளிப்பும் நிறைவேறா. பஞ்சில் தின்னர் தொட்டு நகம் நகமாகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து, மூன்று முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. பச்சை வெங்காயம், பூண்டு தின்றவர் அந்த வாடையுடன் பள்ளிக்கு வந்து பிறரைத் துன்புறுத்த வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நாமே சொல்லித் தரும் செய்தி. தின்னருக்கு அதைவிடக் கடுமையான வாடை. அத்தரை அள்ளிப் பூசியதில் இரண்டும் கலந்து மூன்றாவது ஒரு வாடை பிறந்தது. பயானை வழக்கத்தில் பாதியாகச் சுருக்கி இறங்கினோம். ஜமாஅத்தார் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் மாலை தொட்டுப் பார்த்தோம். வழிசல் காய்ந்து கெட்டியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. தரகர் வேறு, ஆள் இருக்கிறது என்று அழைத்துக்கொண்டிருந்தார். வாட்டர் பேப்பரை எடுத்துத் தேய்த்தோம். நாலாவது இழுப்பில் வழிசலின் மேல்தோல் கிழிந்து, உள்ளிருந்து தார் போல ஈரப் பெயிண்ட் பிதுங்கித் தகடெங்கும் இழுபட்டது. பேப்பரும் அடைத்துக்கொண்டது. மெல்லிய இடத்தில் தின்னர் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. தடித்த இடத்திலோ மேற்பரப்பு முதலில் காய்ந்து தோலாகி, உள்ளே இருப்பதை வெளியேற விடாமல் மூடிக்கொள்கிறது. சுற்றிலும் காய்ந்துவிட்டதே என்று வழிசலைத் தொடக் கூடாது.

கிழிந்த அந்த ஈரத்தைப் பார்த்தபடி நின்றபோது மதீனாவின் கடைத்தெரு நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கிறார்கள். அதற்குள் கையை விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. மழை நனைத்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எத்தனையோ முறை இதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். நம் விரலில் ஈரம் பட்டது அன்றுதான். நாம் அப்போது எண்ணியது வழிசலைக்கூட அன்று. ரப்பர் விரிப்பின் கீழிருந்த அந்த ஐந்து ரூபாய் நாணயத்தை.

தகட்டை ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டோம். அடுத்த வெள்ளியன்று நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் சகோதரர்களுக்காக அடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். புதிய ஷேவிங் பிளேடு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளிலும் செல்லோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த டேப் சுற்றுகள் சக்கரம் போல நல்ல பெயிண்டின் மேல் ஏறி நிற்கும். நடுவிலுள்ள கூர்மை மேடாக இருக்கும் வழிசலை மட்டும் தொடும். வெட்டுவது போல அழுத்தாமல், சுரண்டுவது போல மெல்ல இழுத்தால் சுருள் சுருளாக வரும். மேடு பெரும்பாலும் இறங்கியதும் பிளேடை வைத்துவிட வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர். அதை ஒருபோதும் விரலால் பிடித்துத் தேய்க்கக் கூடாது. விரல் பள்ளம் பறிக்கும். தட்டையான சிறு மரத்துண்டில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு, 800இல் தொடங்கி, 1000, 1500 என்று போய், 2000இல் முடிக்க வேண்டும்.

ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் துணியால் ஒற்றிக் காயவைத்துச் சாய்வாகப் பார்ப்பது அவசியம். தேய்ந்த இடம் மங்கலாகவும் பள்ளமான இடம் மினுமினுப்பாகவும் தெரியும். மினுமினுப்புத் தீவுகள் எப்போது மறைகின்றனவோ அப்போது மட்டம் வந்துவிட்டது. அதற்கு மேல் ஓர் இழுப்பும் கூடாது. இந்தப் பார்வையில் பையன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருந்தான். "இன்னும் ஒரு புள்ளி இருக்கு ஹஜ்ரத்", "இங்க போதும், அங்க போங்க" என்று தரையில் உட்கார்ந்தபடி வழிகாட்டினான். ஓதும்போது மத்து, குன்னாவில் அவனை எத்தனை முறை நிறுத்தியிருப்போம். அன்று அவன் முறை.

இருந்தும் ஒரு தவறு நேர்ந்தது. தகட்டின் மடிப்பு விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகவே நிற்கும். அங்கே தேய்த்ததில் சாம்பல் நிற ப்ரைமர் எட்டிப் பார்த்தது. தகட்டைப் படுக்கவைத்து, சுற்றிலும் மங்கலாக்கி, இரண்டு தூவல் கோட் போட்டு, நாலு நாள் கழித்து ரப்பிங் காம்பவுண்ட் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். நேராகப் பார்த்தால் குறை தெரியாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது, முன்பு வழிசல் நின்ற இடத்தில் நிழல் போல ஒரு மெல்லிய அலை தெரியும். அதை அகற்ற நம்மால் முடியவில்லை.

வண்டியைப் பூட்டி முடித்த அன்றிரவு பையன் கேட்டான்: "ஹஜ்ரத், அடியில ஓட்ட இருந்தத நாம சொல்லலேன்னா வாங்குறவருக்கு எப்படித் தெரியும்?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. முந்தின இரவு தூக்கம் வராமல் நாமும் இதையே புரட்டிக்கொண்டிருந்தோம். சொன்னால் விலை குறையும். குறைவது நம் பணமன்று, எத்தீம்களுடைய பணம். அவர்களுடைய சொத்தைப் பாழாக்குவது எத்தகைய பாவம்! பிள்ளைகளின் நன்மைக்காகத்தானே மறைக்கிறோம் என்று நஃப்ஸ் வாதாடியது. சொந்த வண்டியாக இருந்தால் இந்த வாதம் எழுந்தே இராது. எத்தீமின் பெயரைச் சொல்லி எழுந்ததால் அது தக்வாவைப் போலவே உடுத்தி வந்தது.

ஆனால் ஓட்டை விழுந்த தளத்துக்கு முழுத் தளத்தின் விலையை வாங்கினால், அந்த மிகுதி பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்தா? அது வாங்குபவரின் பணம். அதைக் கொண்டுவந்து எத்தீமின் தட்டில் வைப்பது அவனுக்கு ஹராமை ஊட்டுவதாகாதா? குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் நாம் கற்பிக்கும் சட்டம்தான். ஹிஜ்ரி 150இல் மறைந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றை அதன் குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக அன்னாரின் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பையனுக்குச் சொன்னோம். "அவரும் துணிதான் வித்தாரா, எங்க அத்தா மாதிரி?" என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆயினும் உடைமை அவர்களுடையது. நம் இல்லத்தாரை அனுப்பி அவன் தாயாரிடம் விவரம் சொன்னோம். "அவங்க இருந்தாலும் சொல்லித்தான் வித்திருப்பாங்க அக்கா. கிழிசல் துணியக்கூட மடிச்சு உள்ள வைக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது.

வாங்க வந்தவர் கயத்தாறுப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. பால் கேன் வைத்துக் கொண்டுபோக வண்டி வேண்டுமாம். அஸருக்குப் பின் வந்தார். ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. 18,000 என்பதற்கும் முகம் சுளிக்கவில்லை. நாம் ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டி, ஓட்டை இருந்ததையும் பட்டி பூசியதையும் சொன்னோம். பால் கேன் கனமானது. அதை அங்கே வைப்பதானால் கீழே தகடு ஒன்று அடித்துக்கொள்ளும்படியும் சொன்னோம். தரகர் வானத்தைப் பார்த்தார். விவசாயி குந்தி உட்கார்ந்து அடிப்புறத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். "தகடு அடிக்க ரெண்டாயிரம் ஆகும் பாய்."

அதற்குள் பையன் இடப்பக்கத் தகட்டருகே போய், வெயில் சாயும் கோணத்தில் நின்று, "இதுலயும் ஒண்ணு இருக்குண்ணே" என்று விரலால் அந்த அலையைத் தொட்டுக் காட்டினான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள புழுதி மூடிரும்டா தம்பி" என்றார். ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தான். அதற்கென்று ஓர் ஐந்நூறு குறைத்தார். 15,500 ரூபாய்க்கு முடிந்தது. இறந்தவரின் பெயரிலிருந்து மனைவியின் பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவத்தை முன்பே கொடுத்திருந்ததால், விற்பனைக்கான 29, 30 படிவங்கள் மறுநாளே முடிந்தன.

ஓட்டையால் குறைந்த 2,000 ரூபாய் நம் கையால் நேர்ந்ததன்று. வழிசலால் குறைந்த 500 முழுக்க நம் அவசரத்தால் வந்தது. அமானிதமாகப் பொருளைப் பெற்றவர் கவனக்குறைவால் அதற்குச் சேதம் விளைவித்தால் ஈடு செய்ய வேண்டும். ஆகவே நம் 500ஐச் சேர்த்து 16,000 ஆக்கினோம். தாயாருக்கு 2,000. மீதி 14,000இல் மகனுக்கு 7,000, மகள்களுக்கு 3,500 வீதம். தனித்தனி உறைகளில் இட்டுப் பெயரெழுதிப் பையனின் கையில் கொடுத்தோம். இந்த 500ஐப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் கொடுப்பதே அழகு என்று எண்ணினோம்.

அவன் வாசற்படியில் உட்கார்ந்து நான்கு உறைகளையும் எண்ணிக் கூட்டினான். பாகப்பிரிவினைக் கணக்கு அவனுக்கு நன்றாக வரும்.

"ஹஜ்ரத், அவரு பதினஞ்சாயிரத்து ஐந்நூறுதான குடுத்தாரு?"

மறைக்க வழியில்லை. சொன்னோம். சற்று நேரம் யோசித்தான். பிறகு தன் உறையிலிருந்து பணத்தை எடுத்து, அதில் 250ஐ எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். "சில்லற இருந்தா பாதியக் குடுங்க. தின்னர் ஊத்துனது நான்தான்."

பருவமடையாத பிள்ளை தன் பொருளை அன்பளிப்பாகத் தர முடியாது, தந்தாலும் செல்லாது என்று சட்டத்தை எடுத்துச் சொல்லித் தாளை உறைக்குள் திரும்ப வைத்தோம். 'போதும்' என்று சொல்ல வேண்டியது நம் வேலை, அதைச் செய்யாதது நாம்தான் என்றும் சொன்னோம். அவன் முழுமனதோடு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. மஃரிபுக்கு பாங்கு கேட்டது. உறைகளை வீட்டில் கொடுத்துவிட்டு ஓடிவந்து, நம் பக்கத்தில் உட்கார்ந்து ஒளு செய்தான். நகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கழுவினான்.